ஓக் மரத்தை அறுப்பு பார்த்து வாங்க வேண்டும்

அமெரிக்கச் சமையலறைகளில் நெடுங்காலம் வெள்ளை பெயின்ட் அடித்த அலமாரிகள்தான் ஆட்சி செய்தன. இப்போது அந்த இடத்துக்கு வெள்ளை ஓக் வந்துவிட்டது. வீட்டு அலங்காரப் பத்திரிகைகளைப் புரட்டினாலும், புதிதாகக் கட்டி விற்கும் வீடுகளின் விளம்பரங்களைப் பார்த்தாலும், கோதுமை நிறத்தில் நேர்க்கோடுகள் ஓடும் கதவுகளே கண்ணில் படுகின்றன. நியூ ஜெர்சியிலோ டெக்சஸிலோ டொரொன்டோவிலோ பழைய வீட்டை வாங்கிச் சமையலறையைப் புதுப்பிக்க நினைக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் கடைக்காரர் முதலில் காட்டுவது இதைத்தான். கூடவே காரணங்களையும் அடுக்குவார்: கடினமான மரம், தண்ணீருக்கு அசையாது, கப்பல் கட்டிய மரம், விஸ்கி பீப்பாய் செய்யும் மரம். இவற்றில் எதுவும் பொய்யில்லை. ஆனால் சமையலறைக் கதவு பத்து வருடம் கழித்து எப்படி இருக்கும் என்பதை இந்தக் காரணங்கள் தீர்மானிப்பதில்லை. மரத்தை எந்தக் கோணத்தில் அறுத்தார்கள், முழுப்பலகையாகப் போட்டார்களா வெனீர் என்ற மெல்லிய மரத் தாளாக ஒட்டினார்களா, மேலே என்ன பூச்சு அடித்தார்கள் என்ற மூன்றும்தான் தீர்மானிக்கின்றன. விலைப்பட்டியலில் ‘வெள்ளை ஓக்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். இந்த மூன்றும் ஒன்று பொடி எழுத்தில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது.

முதலில் பீப்பாயைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அதைத்தான் எல்லோரும் சாட்சிக்கு அழைக்கிறார்கள். கிழக்கு வட அமெரிக்கக் காடுகளில் வளரும் வெள்ளை ஓக்கின் தாவரப் பெயர் குவெர்கஸ் ஆல்பா. கடையில் அந்தப் பெயரில் விற்பது ஒரே இனம் அல்ல. அதன் நெருங்கிய உறவினங்கள் பலவும் சேர்ந்துதான் வருகின்றன. இந்தக் கூட்டத்து மரங்களின் வைரப்பகுதியில், நீரை மேலேற்றிய நுண்குழாய்களைக் காலப்போக்கில் மரமே அடைத்துக்கொள்கிறது. பக்கத்து உயிரணுக்கள் குழாய்க்குள் குமிழ்போல வளர்ந்து வழியை மூடிவிடும்; டைலோஸ் என்று இதற்குப் பெயர். சிவப்பு ஓக்கில் இந்த அடைப்பு இல்லை. சிவப்பு ஓக் துண்டின் ஒரு முனையை நீரில் முக்கி மறுமுனையில் வாய் வைத்து ஊதினால் குமிழி வரும். வெள்ளை ஓக்கில் வராது. எனவேதான் பீப்பாய்க்கும் கப்பலுக்கும் வெள்ளை ஓக். 1797இல் பாஸ்டனில் நீரில் இறக்கப்பட்ட போர்க்கப்பல் ‘யூ.எஸ்.எஸ். கான்ஸ்டிட்யூஷன்’ 1812 போரில் பிரிட்டிஷ் பீரங்கிக் குண்டுகளைத் தாங்கிய விதத்தால் ‘ஓல்டு அயர்ன்சைட்ஸ்’ என்று பெயர் வாங்கியது. அதன் வெளிப்பலகைகள் வெள்ளை ஓக். உள்ளே விலா எலும்பாக நின்றது லைவ் ஓக் என்ற வேறொரு ஓக். இன்றும் அந்தக் கப்பலைப் பழுதுபார்க்க இண்டியானாவில் கடற்படை ஒரு வெள்ளை ஓக் தோப்பைக் காத்து வருகிறது.

இவ்வளவு பெருமையும் உண்மைதான். ஆனால் சமையலறைக் கதவு நீரில் மிதக்கப் போவதில்லை, அதற்குள் யாரும் மது ஊற்றி வைக்கப் போவதுமில்லை. தொட்டியடியில் சொட்டும் நீரும், பாத்திரம் கழுவும் இயந்திரத்திலிருந்து வரும் ஆவியும், ஈரக் கையும் கதவைத் தொடும் இடம் மேல்பூச்சு. பூச்சு நின்றால் சிவப்பு ஓக்கும் நிற்கும்; பூச்சு விரிசல் விட்டால் வெள்ளை ஓக்கும் கறுக்கும். சொல்லப்போனால் பீப்பாய் செய்பவர்களே மரத்தின் பெயரை மட்டும் நம்புவதில்லை. பீப்பாய்ப் பட்டைகளை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் அறுத்தால்தான் அவற்றில் மது நிற்கும். கோணம் தப்பினால் அதே வெள்ளை ஓக் கசியும். கடைக்காரர் சொல்லும் பீப்பாய்க் கதையிலேயே அவர் சொல்லாமல் விடும் பகுதி இது.

இனி எண்களுக்கு வருவோம். மரத்தின் கடினத்தை அளக்க ஜன்கா சோதனை என்று ஒன்று உண்டு: 11.28 மில்லிமீட்டர் எஃகுக் குண்டு ஒன்றைப் பாதி ஆழத்துக்கு மரத்தில் அமுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று பார்ப்பார்கள். வெள்ளை ஓக்குக்கு 1,360 பவுண்டு, சிவப்பு ஓக்குக்கு 1,290 பவுண்டு. ஹார்டு மேப்பிள் இரண்டையும் மிஞ்சி 1,450ஐத் தொடும்; நம் தேக்கு 1,070 அளவில் நிற்கும். தேக்கில் செய்த கதவு தலைமுறைக்கு நிற்கிறது என்றால், இந்த எண்ணை வைத்துக் கதவின் ஆயுளைக் கணிக்க முடியாது என்பது தெளிவு. கதவைக் கெடுப்பது பெரும்பாலும் மரத்தின் அசைவு. காற்றில் ஈரம் கூடினால் மரம் உப்பும், குறைந்தால் சுருங்கும். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் அமெரிக்க வீட்டுக்குள் காற்று வறண்டுவிடும், கோடையில் புழுங்கும். இந்த ஏற்ற இறக்கத்தில் பலகையின் ஈரப்பதம் நான்கு சதவீதப் புள்ளி மாறுவதாக வைத்துக்கொள்வோம். அமெரிக்க வனத்துறை ஆய்வகத்தின் மரக் கையேடு தரும் குணகங்களைக் கொண்டு கணக்கிட்டால், 300 மில்லிமீட்டர் அகலமுள்ள வெள்ளை ஓக் பலகை சாதாரணமாக அறுத்ததாக இருந்தால் சுமார் 4.4 மில்லிமீட்டர் அசையும். ஆண்டு வளையங்களுக்குக் குறுக்காக அறுத்திருந்தால் சுமார் 2.2 மில்லிமீட்டர்தான். சிவப்பு ஓக்குக்கும் ஏறக்குறைய இதே எண்களே வருகின்றன. இனத்தை மாற்றியதில் அசைவு மாறவில்லை. அறுப்பை மாற்றியதும் பாதியாகிவிட்டது.

அறுப்பு என்றால் என்ன? வெட்டிய மரத்தண்டின் முனையைப் பார்த்தால் வளையங்கள் தெரியும். தண்டைக் கிடத்தி மேலிருந்து கீழாக ஒன்றன்பின் ஒன்றாகப் பலகை எடுத்துக்கொண்டே போவதுதான் எளிய முறை. பெரும்பாலான பலகைகளில் வளையங்கள் முகத்தோடு படுத்தபடி வரும். முகத்தில் கோபுரம் கோபுரமாக அலையும் ரேகைகள் தெரியும். மில்லில் இதை பிளெய்ன் அறுப்பு என்பார்கள். கழிவு குறைவு, விலையும் குறைவு. தண்டை நான்காகப் பிளந்து, வளையங்கள் பலகையின் முகத்துக்கு 60 முதல் 90 பாகைக் கோணத்தில் நிற்கும்படி அறுத்தால் குவார்ட்டர் அறுப்பு. 30க்கும் 60க்கும் இடைப்பட்ட கோணத்தில் வருவது ரிஃப்ட். கோணத்தைக் காக்க வேண்டும் என்பதால் இவ்விரண்டிலும் தண்டை அடிக்கடி திருப்ப வேண்டும், ஆப்பு வடிவத் துண்டுகள் வீணாகும். ரிஃப்டில் வீண் இன்னும் அதிகம். ரிஃப்ட் பலகை விலை கூடியதற்குக் காரணம் இதுதான். கடைக்காரரின் பேராசை என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

இங்கேதான் ஓக் மற்ற மரங்களிலிருந்து உண்மையாகவே பிரிகிறது. தண்டின் நடுவிலிருந்து பட்டையை நோக்கி ஓடும் கதிர்த்திசுக்கள் எல்லா மரங்களிலும் உண்டு. ஓக்கில் அவை வெறுங்கண்ணுக்கே தெரியும் அளவு பெரியவை, வெள்ளை ஓக்கில் சிவப்பைவிட நீளமானவை. குவார்ட்டர் அறுப்பு இந்தக் கதிர்களை ஒட்டியே ஓடுவதால் அவை பலகையின் முகத்தில் வெள்ளிச் செதிள்போல மின்னும். 1900களின் தொடக்கத்தில் நியூயார்க் மாநிலத்தில் பட்டறை வைத்திருந்த கஸ்டவ் ஸ்டிக்லி, ‘தி கிராஃப்ட்ஸ்மேன்’ என்ற இதழையும் நடத்திக்கொண்டு, இந்த மினுக்குள்ள வெள்ளை ஓக்கிலேயே தன் மேசை நாற்காலிகளைச் செய்தார். அம்மோனியா ஆவியில் வைத்து மரத்தைப் பழுப்பாக்குவது அந்தப் பாணியின் அடையாளம். இன்றைய ரசனைக்கு அந்த மினுக்கு வேண்டாம். அமைதியான நேர்க்கோடுகள் வேண்டும். ரிஃப்ட் அறுப்பு கதிர்களைச் சாய்வாக வெட்டுவதால் செதிள்கள் மெல்லிய கீற்றுகளாக ஒடுங்கிவிடுகின்றன. ரிஃப்ட் வெனீர் என்ற வகையே ஓக்கின் கதிர்களை அடக்குவதற்காக உருவானது. ஆக, பத்திரிகையில் பார்த்து மயங்கிய அந்தச் சமையலறை ரிஃப்ட் வெள்ளை ஓக். கடையில் ‘வெள்ளை ஓக்’ என்று மட்டும் சொல்லி ஒப்பந்தம் போட்டால் வீட்டுக்கு வந்து இறங்குவது பிளெய்ன் அறுப்பாக இருக்கலாம். யாரும் ஏமாற்றியிருக்க மாட்டார்கள், கேட்டது கிடைத்திருக்கும்.

இதற்கு ஒரு வலுவான எதிர்வாதம் உண்டு. அமெரிக்கர்கள் ஏற்கனவே ஒருமுறை ஓக்கில் மயங்கி வருந்தியவர்கள். 1980களிலும் 90களிலும் கட்டிய வீடுகளில் ‘ஹனி ஓக்’ அலமாரிகள் நிறைந்திருந்தன. பிறகு அவற்றைப் பெயர்த்தெறியவும் பெயின்ட் அடித்து மறைக்கவும் பெரும் செலவு செய்தார்கள். இன்றைய வெள்ளை ஓக்கும் அதே வழியில் போகாது என்பதற்கு என்ன உத்தரவாதம்? உத்தரவாதம் இல்லை என்பதை ஒப்புக்கொண்டே பதில் சொல்ல வேண்டும். அந்தப் பழைய சமையலறைகளில் சலித்துப்போனது என்ன என்று பிரித்துப் பாருங்கள். பெரும்பாலும் சிவப்பு ஓக். பிளெய்ன் அறுப்பு, அதனால் ஒவ்வொரு கதவிலும் கோபுர ரேகை. மேற்பக்கம் வளைந்து நடுவில் புடைத்த பலகை. அதன்மேல் ஆண்டுக்கு ஆண்டு மஞ்சளேறிய பூச்சு. நான்கில் மூன்று, மர இனம் சம்பந்தப்பட்டவையே அல்ல. மறுபக்கம், ஸ்டிக்லியின் குவார்ட்டர் ஓக் மேசைகள் நூறு வருடம் கடந்தும் ஏலத்தில் நல்ல விலைக்குப் போகின்றன. இன்றைய வெளிர் நிறமும் தட்டையான கதவும்கூட ஒருநாள் ‘அந்தக் காலத்துச் சமையலறை’ ஆகும் என்பதுதான் என் கணிப்பு. ஆனால் நேர்க்கோட்டு ரேகை கண்ணை உறுத்துவது குறைவு என்பதால் தாமதமாக ஆகும்.

அடுத்து, பலகையா வெனீரா. தமிழர்களிடம் இதில் ஒரு பிடிவாதம் உண்டு. ‘ஒரிஜினல் மரம்’ என்றால் முழுப்பலகை, மற்றதெல்லாம் ஏமாற்று என்ற எண்ணம் தேக்குக் கட்டில் காலத்திலிருந்து வருகிறது. தேக்குக்கு அது பொருந்தும். பச்சை மரம் முழுதும் உலரும்போது தேக்கு வளையத்தை ஒட்டிய திசையில் 5.8 சதவீதம்தான் சுருங்கும். வெள்ளை ஓக் 10.5 சதவீதம். கிட்டத்தட்ட இரு மடங்கு அசையும் மரத்தை அகலமான முழுப்பலகைக் கதவாகப் போட்டால் அது கோணும், அல்லது பிளக்கும். எனவேதான் முழுமரக் கதவு என்றால் சட்டம் கட்டி, சட்டத்தில் காடி எடுத்து, நடுப்பலகையைப் பசை போடாமல் காடிக்குள் தளர்வாக நிறுத்துவார்கள். பலகை தன் இஷ்டத்துக்கு உப்பிச் சுருங்கிக்கொள்ளும். ஷேக்கர் கதவு என்று விற்பது இதுதான். ஒரே தட்டையாக, மேலிருந்து கீழ்வரை ரேகை தொடரும் கதவு வேண்டுமென்றால் பிளைவுட் அல்லது எம்.டி.எஃப் மேல் ஒட்டிய வெனீரே சரியான வழி. ஒரே கட்டையிலிருந்து வரிசையாகச் சீவிய வெனீர்த் தாள்களை அதே வரிசையில் ஒட்டினால் அடுத்தடுத்த கதவுகளில் ரேகை ஒன்றோடொன்று பேசும். பலகையில் இது கிடைக்காது. குறையும் உண்டு. வெனீரின் கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். ஆழமான கீறலை இழைத்துச் சரிசெய்ய முடியாது, விளிம்பில் நீர் புகுந்தால் உரியும். தொட்டிக்கும் பாத்திர இயந்திரத்துக்கும் பக்கத்துக் கதவுகளில் விளிம்பை எப்படி மூடியிருக்கிறார்கள் என்பதைக் கையால் தடவியே பார்க்க வேண்டும்.

உள்ளே பெட்டி எதனால் ஆனது என்பதும் கேட்க வேண்டியதே. ‘முழு ஓக் சமையலறை’ என்று விற்பதில் பெட்டி அநேகமாகப் பிளைவுட்டோ பார்ட்டிகிள் போர்டோதான், அதில் தவறில்லை. இந்தப் பலகைகளிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடு வாயு குறித்து அமெரிக்காவில் 2010இல் சட்டம் வந்து, பிளைவுட்டுக்கு 0.05, பார்ட்டிகிள் போர்டுக்கு 0.09, எம்.டி.எஃபுக்கு 0.11 பி.பி.எம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். பலகை அந்த வரம்புக்கு உட்பட்டது என்ற முத்திரை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

பூச்சுதான் மிச்சமிருப்பது, சமையல் நடக்கும் வீட்டில் முதன்மையானதும் அதுவே. ஓக் மரத்தில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைய. நம் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் மாசிக்காய் என்பதே ஒரு வகை ஓக் மரத்தில் பூச்சி முட்டையிட்டதால் திரண்ட கழலை. அதன் துவர்ப்புக்குக் காரணம் டானின். மாசிக்காய்ச் சாற்றோடு இரும்பு உப்பைச் சேர்த்தால் கறுப்பு மை. ஐரோப்பாவின் பழைய ஆவணங்கள் பலவும் அந்த மையில் எழுதப்பட்டவை. அதே வேதியியல் சமையலறையிலும் நடக்கும். பூச்சு தேய்ந்த ஓக் விளிம்பில் ஈர இரும்புத் தோசைக்கல்லைச் சாய்த்து வைத்தாலோ, இரும்பு நார் கொண்டு தேய்த்தாலோ, நீலக் கறுப்புக் கறை ஏறும். ஆக்ஸாலிக் அமிலம் போட்டு எடுக்கலாம், ஆனால் அது தச்சர் வேலை. வார்ப்பிரும்புக் கல்லும் வாணலியும் புழங்கும் நம் சமையலுக்கு இது ஏட்டுச் செய்தி அல்ல.

இன்றைய வெளிர் நிறத்தைக் காப்பதும் பூச்சின் வேலை. எண்ணெய் அடிப்படையிலான பாலியூரித்தேன் உறுதியானது, ஆனால் மஞ்சளேறும். நீர் அடிப்படையிலானது அநேகமாகத் தெளிவாகவே நிற்கும். எந்தத் தெளிவான பூச்சும் மரத்தை நனைத்ததுபோல் சற்றே கருமையாக்கும் என்பதால், இழைத்த மரத்தின் இயல்பான நிறத்தையே கேட்பவர்களுக்குப் பூச்சில் துளி வெள்ளை நிறமி கலந்து தருவார்கள். ஹார்டு வாக்ஸ் ஆயில் தொடுவதற்கு இதமானது, கீறல் விழுந்த இடத்தில் மட்டும் திரும்பத் தடவிக்கொள்ளலாம். ஆனால் தொழிற்சாலையில் அடிக்கும் கன்வெர்ஷன் வார்னிஷ் அளவுக்குக் கறை தாங்காது. தினமும் தாளிக்கும் வீட்டுக்கு நான் வார்னிஷைத்தான் சொல்வேன், அழகு சற்றுக் குறைந்தாலும்.

பூச்சின் உறுதியை வாய்ச்சொல்லுக்கு விட வேண்டியதில்லை. அமெரிக்காவில் கிச்சன் கேபினட் உற்பத்தியாளர் சங்கத்தின் ஏ161.1 என்ற தரச்சோதனை இருக்கிறது. வினிகர், எலுமிச்சைச் சாறு, தக்காளி கெச்சப், காபி, ஆலிவ் எண்ணெய் போன்றவற்றைக் கதவின்மேல் 24 மணி நேரம் விட்டுவைப்பார்கள். சோப்பு நீரில் கதவின் விளிம்பை 24 மணி நேரம் நிறுத்துவார்கள். கதவை 25,000 முறை திறந்து மூடுவார்கள். கடுகு விழுதை மட்டும் ஒரே மணி நேரம்தான் வைப்பார்கள். அமெரிக்கக் கடுகு விழுதின் மஞ்சள் நிறம் நம் மஞ்சள்தூளிலிருந்து வருகிறது என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தச் சலுகையின் பொருள் புரியும். சாம்பார் தெறித்த இடத்தை மறுநாள் துடைக்கும் வீட்டுக்கு இந்தச் சோதனை முழு ஆறுதல் தராது. வெயில் படும் இடத்தில் மஞ்சள் கறை நாளடைவில் வெளுக்கும். அடுப்பை ஒட்டிய நிழலில் வெளுக்காது. கடையில் மாதிரிக் கதவு ஒன்றைக் கேட்டு வாங்கி, மஞ்சள்நீரை இரவு முழுக்க விட்டுப் பார்ப்பது சங்கத்தின் சோதனையைவிட நமக்குப் பொருத்தமான சோதனை.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒருவர் கேட்கலாம்: இனம் முக்கியமில்லை என்றால் மலிவான சிவப்பு ஓக்கையே ரிஃப்டாக அறுத்துப் போடலாமே, அல்லது ஓக் போல அச்சிட்ட லேமினேட்டே போதுமே? சிவப்பு ஓக்கைப் பற்றிய கேள்விக்குப் பதில் நிறம். அதன் இளஞ்சிவப்புச் சாயல் தெளிவான பூச்சுக்கு அடியில் எட்டிப் பார்க்கும். அடர்ந்த சாயம் ஏற்றுவதானால் சிவப்பு ஓக்கை எடுத்து மிச்சப் பணத்தில் நல்ல பூச்சு போட்டுக்கொள்வது கெட்டிக்காரத்தனம். லேமினேட் இன்று ரேகையின் பள்ளம் மேட்டைக்கூட அச்சில் கொண்டுவருகிறது, கறையும் தாங்குகிறது. வாடகைக்கு விடும் வீட்டுக்கு அதையே பரிந்துரைப்பேன். சில அடிகளுக்கு ஒருமுறை அதே முடிச்சு, அதே ரேகை திரும்ப வருவதைக் கண் சீக்கிரம் பிடித்துவிடும் என்பதுதான் அதன் குறை. பெயின்ட் அடித்த மேப்பிளோ எம்.டி.எஃபோ மலிவு, நிறம் அலுத்தால் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மேப்பிள் கதவின் சட்ட மூட்டுகளில் மரம் அசையும்போது பெயின்ட்டில் மயிரிழைக் கோடு விழும், அதைத் தவிர்க்க வழியில்லை. ஓக்கில் அந்த அசைவு ரேகைக்குள் மறைந்துவிடும்.

காட்டைப் பற்றிய கவலை இவற்றைவிடக் கனமானது. கிழக்கு அமெரிக்காவில் வெள்ளை ஓக் இன்று அரிய மரம் அல்ல. முதிர்ந்த மரங்கள் ஏராளம். குறைவது கன்றுகள். ஓக் கன்றுக்கு வெளிச்சம் வேண்டும். முன்பு அவ்வப்போது எரிந்த தரைத்தீ நிழல்மரங்களைக் கட்டுக்குள் வைத்திருந்தது. தீயை அடக்கத் தொடங்கிய பிறகு மேப்பிளும் பீச்சும் அடியில் அடர்ந்து ஓக் கன்றை நிழலில் மடிய விடுகின்றன. விஸ்கித் தொழில்துறையினரும் வனத்துறையினரும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து ‘ஒயிட் ஓக் இனிஷியேட்டிவ்’ என்ற அமைப்பை நடத்துவது இந்தக் கவலையால்தான். போர்பன் விஸ்கியைப் புதிதாகச் செய்து கருக்கிய ஓக் கலத்தில்தான் ஊற வைக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். எனவே ஒவ்வொரு தொகுதிக்கும் புதுப் பீப்பாய். பீப்பாய்க்காரர் தேடுவதும் நேராக வளர்ந்த, முடிச்சில்லாத, பருத்த அடிமரம். ரிஃப்ட் அலமாரிக்குத் தேவையானதும் அதே அடிமரம். அறுக்கும் பருவத்துக்கு வர அந்த மரத்துக்கு எண்பது வருடத்துக்குமேல் ஆகும். அப்படிப்பட்ட தண்டை 20 மில்லிமீட்டர் கனத்தில் பலகையாக அறுத்தால் வாள் தின்னும் தூளும் கழிவும் போக ஒரு சமையலறைக்குப் போதுமோ போதாதோ. அரை மில்லிமீட்டர் வெனீராகச் சீவினால் பல வீடுகளுக்கு வரும்.